வீட்டு மரங்களின் பருவகாலப் பராமரிப்பு

வீட்டு மரங்களின் பருவகாலப் பராமரிப்பு என்பது வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் வளரும் மரங்களுக்கு, ஆண்டின் பருவங்களை ஒட்டிச் செய்யப்படும் நீர் பாய்ச்சுதல், உரமிடுதல், கவாத்து செய்தல், நோய் மற்றும் பூச்சிகளிலிருந்து காத்தல், புயலுக்கு ஆயத்தம் செய்தல் முதலிய பணிகளைக் குறிக்கும். இக்கட்டுரை தமிழ்நாட்டின் சமவெளி மற்றும் கடற்கரை மாவட்டங்களில் பரவலாகக் காணப்படும் தென்னை, மா, வேம்பு, முருங்கை போன்ற மரங்களை முன்வைத்து எழுதப்பட்டுள்ளது. நீலகிரி முதலிய மலைப்பகுதிகளிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மழை பெய்யும் காலம் வேறுபடுவதால், இங்கு கூறப்படும் மாதங்கள் அப்பகுதிகளுக்கு அப்படியே பொருந்தா.

மரம் தானே வளரும், அதற்குப் பராமரிப்பு எதற்கு என்ற கேள்வி எழலாம். காட்டில் நிற்கும் மரத்திற்கு இக்கேள்வி பொருந்தும். அங்கு ஒரு கிளை முறிந்தால் அது மண்ணில் விழுந்து மக்கிவிடும். வீட்டு மரத்தின் நிலை வேறு. அதன் ஒரு புறம் சுற்றுச்சுவர், மறுபுறம் கூரை, மேலே மின்கம்பி, கீழே கழிவுநீர்க் குழாய் என நான்கு பக்கமும் நெருக்கடி உள்ளது. இந்நெருக்கடியில் ஆண்டு முழுவதும் கவனிக்கப்படாத மரம், புயல் எச்சரிக்கை வந்த பின்னரே நினைவுக்கு வருகிறது. அச்சத்தால் அது அவசரமாக வெட்டப்படுகிறது, அல்லது வெட்டப்படாமல் நின்று வீட்டின் மேல் விழுகிறது. இவ்விரண்டையும் பெரும்பாலும் தவிர்க்க இயலும். அதற்கான பணிகள் மழைக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது ஆகும்.

மரத்தின் ஆண்டு

தமிழர் ஆண்டை இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். இந்திய வானிலை ஆய்வுத் துறை குளிர்காலம், கோடைகாலம், தென்மேற்குப் பருவமழைக்காலம், வடகிழக்குப் பருவமழைக்காலம் என நான்காகப் பகுக்கிறது. வீட்டு மரத்தைப் பொறுத்தவரை ஆண்டின் நடுப்புள்ளி ஐப்பசி மாதம் எனலாம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. கடற்கரை மாவட்டங்களில் இப்பங்கு இன்னும் கூடுதல். புயல்களும் பெரும்பாலும் இக்காலத்திலேயே கரையைக் கடக்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயல், 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல் ஆகிய மூன்றும் மரங்களுக்குப் பேரழிவை ஏற்படுத்தியவை ஆகும். தானேயில் பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரித் தோப்புகளும், கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளும் பெருமளவில் அழிந்தன. வர்தாவில் சென்னையின் தெருக்களும் வீட்டுத் தோட்டங்களும் ஒரே நாளில் நிழலை இழந்தன.

மரத்தின் வளர்ச்சியும் இவ்வாண்டுச் சுழற்சியை ஒட்டியே அமைகிறது. மழைக்காலத்தில் வேர் பரவுகிறது. வேம்பு மாசியில் இலை உதிர்த்துப் பங்குனியில் துளிர்த்துப் பூக்கிறது. மா மார்கழி, தை மாதங்களில் பூத்து, கோடையில் காய்த்து, ஆனி, ஆடியில் ஓய்கிறது. எந்தப் பணியையும் மரம் துளிர்விடும் வேளையில் செய்யாமல் இருப்பது பொதுவிதி ஆகும். துளிர்விடும்போது மரம் தன் சேமிப்பைச் செலவழித்துக் கொண்டிருக்கும். அப்போது கிளையை வெட்டினால், செலவழித்த சேமிப்பும் வெட்டப்பட்ட கிளையோடு போய்விடும்.

மரத்தின் காயம் ஆறுவதில்லை

கவாத்து பற்றி அறிவதற்கு முன், மரம் காயத்தை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை அறிதல் வேண்டும். மனிதத் தோலில் வெட்டுப்பட்டால், அழிந்த திசுவுக்கு மாற்றாக அதே இடத்தில் புதுத் திசு உருவாகிறது. மரத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. வெட்டுப்பட்ட கட்டை என்றென்றும் வெட்டுப்பட்டதாகவே உள்ளே இருக்கும். மரம் அதைச் சுற்றி வேதிப்பொருள்களாலும் புதிய கட்டையாலும் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் தனிமைப்படுத்துகிறது. வெளியே தழும்புத் திசு வளர்ந்து வெட்டை மூடிவிடுவதால், உள்ளே ஆறிவிட்டது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. இதை ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து விளக்கியவர், அமெரிக்க வனத்துறை ஆய்வாளரான அலெக்சு சைகோ ஆவார். இவரது விளக்கம் 1970களில் வெளிவந்தது. அதற்கு முன், கிளையை அடிமரத்தோடு ஒட்ட வழித்து வெட்டி, தாரோ வண்ணமோ பூசுவதே நல்ல முறை என உலகெங்கும் கருதப்பட்டது. நம் ஊர்களில் இன்றும் பலர் அவ்வாறே செய்கின்றனர்.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை உற்றுநோக்கினால், அங்கு சட்டைக் கழுத்துப்பட்டை போன்ற ஒரு புடைப்பு தெரியும். இதைக் கிளைக்கழுத்து எனலாம். மேற்கூறிய சுவரை எழுப்பும் திறன் இப்பகுதியிலேயே மிகுதியாக உள்ளது. எனவே வெட்டு, இக்கழுத்தைச் சேதப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே அமைய வேண்டும். ஒட்ட வெட்டினால் கழுத்து அழிந்து அடிமரத்துக்குள் அழுகல் இறங்கும். ஒரு சாண் விட்டு வெட்டினால், எஞ்சிய முளை காய்ந்து அழுகி, தழும்பு மூட முடியாமல் போகும். இவ்விரண்டு தவறுகளுக்கும் இடையே உள்ள இடைவெளி சில விரற்கடைகளே.

கனமான கிளையை ஒரே வெட்டில் வெட்டுவது மற்றொரு தவறு. வெட்டு முடிவதற்குள் கிளை தன் எடையால் தொங்கி, அடிமரத்துப் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். இதைத் தவிர்க்க மூன்று வெட்டு முறை பின்பற்றப்படுகிறது. முதலில் கழுத்திலிருந்து ஏறத்தாழ ஒரு அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். பின் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக அறுத்தால் கிளை உரியாமல் விழும். எஞ்சிய குட்டைத் துண்டை மூன்றாவது வெட்டால் கழுத்தருகே நீக்கலாம். இதற்கு ரம்பமே ஏற்றது. அரிவாளால் கொத்தினால் வெட்டுமுகம் பிளந்து, நீர் தங்கும் குழிகள் உண்டாகும்.

கோடைப் பணிகள்

பங்குனி முதல் வைகாசி வரை நீரே முதன்மையான பணி ஆகும். மே மாதத்தில் வரும் கத்திரி வெயிலில் நட்டு மூன்று ஆண்டுகள் நிறையாத மரங்களே பெரிதும் பாதிக்கப்படுகின்றன. தினமும் ஒரு குடம் ஊற்றுவதைக் காட்டிலும், வாரம் ஒரு முறை அல்லது இரு முறை மண் ஆழமாக நனையும்படி நீர் விடுவது நல்லது. மேலோட்டமாக நனைந்த மண்ணில் வேரும் மேலோட்டமாகவே படரும். அத்தகைய மரம் கோடையில் முதலில் வாடும், புயலில் முதலில் சாயும்.

நீரை அடிமரத்தில் ஊற்றுவது வழக்கமாக உள்ளது. ஆனால் நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அடிமரத்தின் அருகே அதிகம் இருப்பதில்லை. அவை கிளைகள் பரவியுள்ள எல்லையை ஒட்டியும் அதற்கு அப்பாலும், பெரும்பாலும் மேல்மண்ணின் 2 அடிக்குள் உள்ளன. எனவே மரம் வளர வளர வட்டப்பாத்தியையும் விரிவாக்கிக்கொண்டே போக வேண்டும். எலுமிச்சை இனங்களில் அடித்தண்டை நீர் தொடாதவாறு, தண்டைச் சுற்றி மண் அணைத்து, அதற்கு வெளியே பாத்தி கட்டுவர். அவற்றின் அடித்தண்டில் ஈரம் தங்கினால் பிசின் வடிந்து அழுகும்.

காய்ந்த இலை, தென்னை மட்டை, உரித்த தேங்காய் மட்டை ஆகியவற்றைப் பாத்தியில் பரப்புவது மூடாக்கு எனப்படும். மண்ணின் வெப்பத்தைக் குறைத்து ஈரத்தைக் காப்பதோடு, மக்கி உரமாகவும் ஆகிறது. பெருக்கிச் சேர்த்த சருகை வாசலில் கொளுத்திவிட்டு, கடையில் உரம் வாங்கி மரத்துக்கு இடுவது வியப்புக்குரிய வழக்கம். மூடாக்கை அடிமரத்தின் மேல் குவிக்கக் கூடாது. ஒரு சாண் இடைவெளி விட்டே பரப்ப வேண்டும்.

வெயில் நேரடியாகப் படும் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசுவது பழைய முறை. வெண்மை வெயிலை எதிரொளித்துப் பட்டை வெடிப்பதைக் குறைக்கிறது. சாலையோர மரங்களில் இடையே பூசப்படும் காவிப்பட்டை வாகன ஓட்டிகளுக்கானது, மரத்துக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை.

வேரும் சிமெண்டும்

வேருக்கு நீர் வேண்டும் என்பது அனைவரும் அறிந்தது. வேருக்குக் காற்றும் வேண்டும் என்பது அந்த அளவு அறியப்படவில்லை. வேர் உயிருள்ள திசு. அது ஆக்சிசனை எடுத்துக்கொண்டு சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள நுண்வெளிகளின் வழியே இக்காற்று வேரை அடைகிறது. வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தளமிடும்போது, மரத்தைச் சுற்றி ஒரு சாண் மட்டும் விட்டுவிட்டு மூடிவிடுகின்றனர். நீரும் காற்றும் கிடைக்காத வேர்கள் சில ஆண்டுகளில் மடியத் தொடங்கும். மரத்தின் உச்சிக் கிளைகள் காய்வது இதன் முதல் அறிகுறி ஆகும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டில் தில்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள சிமெண்டுத் தளத்தை அகற்றுமாறு ஆணையிட்டது. ஒரு மீட்டர் என்பது குறைந்தபட்ச அளவே.

இதைவிட மறைவான ஆபத்து மண் நிரப்புதல் ஆகும். நகரங்களில் தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் பழைய தளத்தின் மேலேயே புதிய தளம் இடப்படுவதால், தெரு உயர்ந்துகொண்டே போகிறது. மழைநீர் வீட்டுக்குள் வருகிறது என்று மனையில் கட்டட இடிபாடும் மண்ணும் கொட்டி ஓரடி, இரண்டடி உயர்த்துகின்றனர். அடிமரம் அவ்வளவுக்குப் புதைகிறது. அடிமரத்தின் பட்டை காற்றில் இருப்பதற்கென அமைந்தது. ஈரமண்ணில் புதைந்தால் அது அழுகும். வெளியே இலைகள் பசுமையாக இருக்கும்போதே, மண்ணுக்கு அடியில் அழுகல் அடிமரத்தைச் சுற்றி வரும். இத்தகைய மரம் புயலில் வேரோடு பெயர்வதில்லை. மண் மட்டத்தில் ஒடிந்து விழும். அடிமரம் மண்ணில் இறங்கும் இடத்தில் வேர்கள் கிளைத்து அகன்று தெரிந்தால் மரம் சரியான மட்டத்தில் உள்ளது எனக் கொள்ளலாம். நட்ட கம்பம் போல நேராக இறங்கினால், அது புதைக்கப்பட்டிருக்கலாம். மண்ணை மெல்ல அகற்றிப் பார்க்க வேண்டும்.

சுற்றுச்சுவருக்கும் குழாய்களுக்கும் பள்ளம் தோண்டும்போது பெரிய வேர்கள் வெட்டப்படுகின்றன. அடிமர விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு தொலைவுக்குள் வேரை வெட்டாமல் இருப்பது நல்லது. 40 செ.மீ. விட்டமுள்ள வேம்புக்கு இது 2 மீட்டர். அதற்குள் ஒரு பக்க வேர்களை முழுவதுமாக வெட்டினால், மரம் எதிர்ப்பக்கம் சாய்வதற்கு ஒரு காற்றே போதும்.

கொடிக்கம்பியும் இங்கு குறிப்பிடத்தக்கது. துணி உலர்த்த மரத்தைச் சுற்றிக் கட்டப்படும் இரும்புக்கம்பி, மரம் பருக்கும்போது பட்டைக்குள் புதைந்து, இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்கும் வழியை நெரித்துவிடும். ஊஞ்சல் சங்கிலி, மரக்கூண்டு வளையம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

மழைக்கு முந்தைய கவாத்து

ஆவணி மாதமும் புரட்டாசியின் முற்பாதியுமே, அதாவது ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை, கவாத்துக்கு ஏற்ற காலம் ஆகும். மா அறுவடை முடிந்திருக்கும். வெட்டுமுகம் உலரவும், சுவர் எழுப்பும் பணி தொடங்கவும் மழைக்கு முன் சில வாரங்கள் கிடைக்கும். மழைக்காலத்தில் வெட்டினால் பூஞ்சை வித்துகள் ஈரமான வெட்டுமுகத்தில் எளிதில் முளைக்கும். கூடுகள் உள்ள கிளைகளைப் பறவைகள் கூட்டை விடும் வரை தள்ளிப்போடலாம்.

காற்று மரத்தின் மேல் செலுத்தும் விசை, காற்றின் வேகத்தின் இருமடிக்கு ஏறத்தாழ விகிதசமமாக உயர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கிய மரம், 120 கிலோமீட்டர் வேகத்தில் இருமடங்கு அல்ல, நான்மடங்கு விசையைத் தாங்க வேண்டும். இலைகளும் சிறு கிளைகளும் வளைந்து கொடுப்பதால் உண்மையில் இது சற்றுக் குறையும். இவ்விசை தலைப்பகுதியில் செயல்பட, அடிமரம் நெம்புகோலாக மாறி, திருப்புவிசை முழுவதும் அடியில் குவிகிறது. ஆகவே கவாத்தின் நோக்கம் காற்று ஊடுருவிச் செல்ல வழி விடுவதும், நெம்புகோலின் மேல்முனையில் உள்ள சுமையைக் குறைப்பதும் ஆகும்.

முதலில் காய்ந்த கிளைகளையும், ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும், மாமரத்தில் ஒட்டியுள்ள புல்லுருவியையும் நீக்க வேண்டும். புல்லுருவியை இலையளவில் பறித்தால் மீண்டும் துளிர்க்கும். அது ஊன்றிய இடத்துக்குக் கீழே கிளையோடு வெட்ட வேண்டும். அடுத்து, கூரைக்கு மேல் நீளும் கிளைகளை, அவற்றிலிருந்து பிரியும் ஒரு பக்கக்கிளை வரை குறுக்கலாம். அப்பக்கக்கிளை, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருத்தல் வேண்டும். ஓர் ஆண்டில் உயிருள்ள இலைத்தொகுதியில் கால்பங்குக்கு மேல் நீக்கக் கூடாது.

மின்கம்பியை ஒட்டிய கிளைகளைத் தாமே வெட்ட முற்படுவது உயிருக்கு ஆபத்தானது. மின்வாரியத்துக்குத் தெரிவித்து, மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே வெட்ட வேண்டும். பச்சைக்கிளையும் ஈரமான கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். தெருவோர மரமாயின் உள்ளாட்சியின் அனுமதியும் வேண்டும்.

மொட்டையடித்தல்

மழைக்கு முன் மரத்தின் கிளைகள் அனைத்தையும் குட்டையாக வெட்டி, அடிமரத்தை மட்டும் நிறுத்துவது மொட்டையடித்தல் எனப்படுகிறது. "இந்த வருடப் புயலுக்குப் பயமில்லை" என்று கருதி இது செய்யப்படுகிறது. அந்த ஒரு வருடத்திற்கு இது உண்மையே. அதன் பின் நிகழ்வது வேறு.

இலைகளை முழுவதும் இழந்த மரம், உயிர் பிழைப்பதற்காகப் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளிலிருந்து ஏராளமான தளிர்களை ஒரே நேரத்தில் விடுகிறது. இயல்பான கிளை, அடிமரம் பருக்கப் பருக்க அதன் கட்டைக்குள் ஆண்டுதோறும் பின்னப்பட்டு வளர்ந்தது. இப்புதிய கிளைகளோ மேற்புறத்துப் படையில் மட்டுமே ஒட்டியுள்ளன. மூன்று, நான்கு ஆண்டுகளில் அவை பழைய உயரத்தை எட்டிவிடும். அதே நேரத்தில், கழுத்தில்லாத இடத்தில் வெட்டப்பட்ட கட்டைமுனைகள் மேலிருந்து கீழாக அழுகிக்கொண்டிருக்கும். அழுகும் கட்டையின் மேல் கனமான, பலவீனமாக ஒட்டிய கிளைகள் என்ற இந்நிலையில் அடுத்த புயல் வருகிறது. மொட்டையடிக்கப்பட்ட மரம் முன்பிருந்ததைவிட ஆபத்தானது என்பது இதனாலேயே. ஒருமுறை செய்தவர் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

இதன் எதிர்த்தவறும் உண்டு. "காற்றோட்டம்" என்று உள்கிளைகளை எல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் கொத்தாக இலையை விடுவர். இதனால் சுமை நெம்புகோலின் முனைக்கு நகர்கிறது. கிளை முன்னிலும் எளிதாக முறியும்.

முருங்கை மட்டும் விதிவிலக்கு. அதன் கட்டை மிக மென்மையானது என்பதையும், பருத்தாலும் தூணுக்கு உதவாது என்பதையும் பழமொழியே கூறிவிட்டது. காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து ஏறத்தாழ 3 அடி உயரத்தில் வெட்டிவிட்டால், புதுக்கிளைகளில் எட்டும் உயரத்தில் காய்க்கும். கிளைக்கொம்பு நட்டு வளர்த்த முருங்கைக்கு ஆணிவேர் இல்லாததால், அதை உயரமாக விடுவது எவ்வகையிலும் பொருந்தாது. மழைக்காலத்தில் அதன் தண்டில் கூட்டமாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சிகளை, அவ்வாறு கூடியுள்ள வேளையிலேயே அழித்துவிடுவது எளிது.

பொந்துள்ள மரங்கள்

பொந்து விழுந்த மரத்தை உடனே வெட்டவேண்டும் என்பதில்லை. ஒரு குழாயின் வளைவைத் தாங்கும் வலிமை பெரும்பாலும் அதன் வெளிப்புற வளையத்திலேயே உள்ளது. அடிமரத்தின் ஆரத்தில் பத்தில் ஏழு பங்கு வரை நடுவே பொந்தாக இருப்பினும், சுற்றிலும் உள்ள கட்டை முழுமையாக இருந்தால், கணக்குப்படி வலிமையில் ஏறத்தாழ 24 விழுக்காடே குறைகிறது. நல்ல கட்டையின் தடிமன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கேனும் இருக்கவேண்டும் என்ற விதியை மர வல்லுநர்கள் பயன்படுத்துவது இதனால்தான். ஆனால் பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தால் இக்கணக்கு பொருந்தாது. அம்மரம் மிக விரைவில் வலிமை இழக்கும். பொந்தில் சிமெண்டு அடைப்பது முன்பு வழக்கத்தில் இருந்தது. மரம் அசையும்போது அசையாத சிமெண்டு உள்ளே உராய்ந்து புதுக்காயம் உண்டாக்குவதால் இம்முறை கைவிடப்பட்டுள்ளது.

அடிமரத்திலோ வேரிலோ காளான் முளைத்தல், ஒரு பக்கத்தில் மண் வெடித்து உயர்தல், அண்மையில் ஏற்பட்ட சாய்வு ஆகியவையே உண்மையான எச்சரிக்கைகள் ஆகும். நெடுநாளாகச் சாய்ந்து, நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்துள்ள மரம் பெரும்பாலும் தன்னைச் சரிசெய்துகொண்ட மரமே.

தென்னை

தென்னை ஒருவித்திலைத் தாவரம் ஆதலால் மேற்கூறியவற்றில் பல அதற்குப் பொருந்தா. மற்ற மரங்களில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே, மரத்தைப் பருக்கச் செய்யும் மெல்லிய வளர்படை உள்ளது. தென்னையில் அது இல்லை. எனவே தழும்புத் திசு வளர்வதில்லை. ஏறுவதற்காகத் தண்டில் வெட்டிய படி, மரம் உள்ளவரை அப்படியே இருக்கும். வளர்ச்சி முழுவதும் உச்சியில் உள்ள ஒரே குருத்தில் நடக்கிறது. குருத்து போனால் மரம் போயிற்று. கஜாவில் தலை முறிந்த தென்னைகள் ஒன்றும் மீண்டும் துளிர்க்காமல் போனதற்கும், அதே ஊர்களில் கிளை இழந்த வேம்பு துளிர்த்து எழுந்ததற்கும் காரணம் இதுவே.

குருத்தைத் தாக்குவது காண்டாமிருக வண்டு ஆகும். விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியது போன்ற முக்கோண வடிவம் தெரிந்தால் வண்டு வந்து சென்றது எனப் பொருள். இவ்வண்டின் புழுக்கள் எருக்குழியிலும் மக்கிய தென்னந்தண்டிலும் வளர்கின்றன. விழுந்த மரத்தைத் தோட்டத்திலேயே கிடக்க விட்டால், நிற்கும் மரத்துக்கு அதுவே பகையாகும். ஓலை இடுக்குகளில் மூன்று நாப்தலீன் உருண்டைகளை இட்டு மணலால் மூடுவதை 45 நாட்களுக்கு ஒருமுறை செய்யலாம். சிவப்புக் கூன்வண்டு இன்னும் கொடியது. அது தண்டிலும் மட்டையிலும் உள்ள காயங்களில் முட்டையிட, புழுக்கள் உள்ளேயே குடைந்து தின்னும். வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே பச்சை மட்டைகளை வெட்டாமல் இருப்பதே சிறந்த தடுப்பு. வெட்டியே தீரவேண்டுமெனில் அடியிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. மழைக்கு முன் காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை, முற்றிய காய்கள் ஆகியவற்றை இறக்கிவிட்டால் புயலில் அவை பறந்து ஓடுகளை உடைப்பதைத் தவிர்க்கலாம்.

2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, பின்னர் பல மாவட்டங்களுக்கும் பரவியது. ஓலையின் அடியில் சாற்றை உறிஞ்சும் இப்பூச்சியின் கழிவு கீழ் ஓலைகளில் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் வளர்வதால் மரம் புகைபிடித்தது போல் தோன்றும். இதைக் கண்டு பூச்சிமருந்து தெளிப்பவர் பலர். மருந்து, ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியையும் கொன்றுவிடும். நீரை விசையுடன் பீய்ச்சுதலும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் போதுமானவை.

ஐந்தாண்டு நிறைந்த தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஆண்டுக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாசுபேட்டு 2 கிலோ, பொட்டாசு 2 கிலோ என்பதாகும். இதை இரண்டாகப் பிரித்து, சூன்-சூலையிலும் டிசம்பர்-சனவரியிலும், 1.8 மீட்டர் ஆர வட்டப்பாத்தியில் இட வேண்டும். வீடுகளில் பொதுவாக மறக்கப்படுவது பொட்டாசு. உப்பு இடுவது அதற்கு மாற்றாகாது.

மழைக்காலமும் புயலுக்குப் பின்னும்

மழை தொடங்கியதும் பாத்திகளை உடைத்து நீர் வடிய விட வேண்டும். கோடையில் நீரைத் தேக்கிய அதே பாத்தி, கார்த்திகையில் வேரை மூச்சடைக்க வைக்கும். புதிய கன்று நடுவதற்கும் இதுவே பருவம். நாற்றங்கால் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர்கள் பைக்குள் சுருண்டிருக்கும். அச்சுருளை விரித்தோ வெட்டியோ நடாவிட்டால், வேர் மண்ணில் இறங்காமல் வாழ்நாள் முழுவதும் வட்டமாகவே சுற்றும். பத்தாண்டுகள் கழித்து எளிதில் சாயும் மரங்கள் பலவற்றின் கதை இப்பையிலேயே தொடங்குகிறது. ஊன்றுகோலில் இறுகக் கட்டாமல் சற்று அசையும்படி கட்ட வேண்டும். அசையும் தண்டே பருக்கும்.

புயல் ஓய்ந்ததும் மரத்தின் அருகே செல்வதற்கு முன், அறுந்த மின்கம்பி உள்ளதா, முறிந்த கிளை மேலே தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வேரோடு சாய்ந்த மரம் இளையதாக இருந்து, ஒரு பக்க வேர்கள் இன்னும் மண்ணில் இருந்தால் காப்பாற்ற வாய்ப்புண்டு. வெளியே தெரியும் வேர்களை உடனே ஈரச்சாக்கால் மூடி, பிய்ந்த வேர்களைச் சீராக வெட்டி, கிளைகளை ஓரளவு குறைத்து, நிமிர்த்தி முட்டுக் கொடுக்க வேண்டும். இப்பணி சில நாட்களுக்குள் முடிய வேண்டும். பெரிய மரத்தை நிமிர்த்தினாலும் அது பழைய பிடிப்பைப் பெறுவது அரிது. வீட்டை ஒட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு வேறு கன்று நடுவதே அறிவுடைமை.

முறிந்த கிளைகளின் பிசிறுகளை மேற்கூறிய முறையில் வெட்டியபின், சிறிய வெட்டுகளுக்கு எதையும் பூசத் தேவையில்லை. மா, எலுமிச்சை முதலியவற்றின் பெரிய வெட்டுகளில், ஈரமான காலத்தில், போர்டோ பசை தடவுவது தமிழ்நாட்டில் வழக்கம். 100 கிராம் மயில்துத்தத்தையும் 100 கிராம் சுண்ணாம்பையும் தனித்தனியே அரை லிட்டர் நீரில் கரைத்து, பின் கலந்தால் ஒரு லிட்டர் பசை கிடைக்கும். மண் அல்லது நெகிழிப் பாத்திரத்தையே பயன்படுத்த வேண்டும். கலவையில் இரும்புக் கத்தியை நனைத்துப் பார்க்கும்போது செம்பு நிறம் படிந்தால், இன்னும் சற்றுச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

பனிக்காலம்

மார்கழி முதல் மாசி வரை பணிகள் குறைவு. மா பூக்கும் வரை நீர் பாய்ச்சுவதை நிறுத்திவைப்பர். அப்போது நீர் விட்டால் பூவுக்குப் பதில் தளிர் வரும். பிஞ்சுகள் பட்டாணி அளவானதும் மீண்டும் பாய்ச்சலாம். பூங்கொத்துகளைத் தட்டினால் தத்துப்பூச்சிகள் பறக்கின்றனவா என்று பார்ப்பதும், அடிமரத்தில் மரத்தூள் உதிரும் துளை உள்ளதா என்று தேடுவதும் இக்காலத்துக்குரியவை. துளையில் வளைந்த கம்பியை நுழைத்துத் தண்டு துளைப்பானின் புழுவை வெளியே இழுத்துவிடலாம். பட்டையின் மேல் ஓடும் கரையான் புற்றைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அது பெரும்பாலும் உலர்ந்த புறப்பட்டையையே தின்னும். துடைப்பத்தால் கூட்டிவிட்டாலே போதும்.

அண்மை ஆண்டுகளில் வேப்பமரங்களின் நுனிக்கிளைகள் பனிக்காலத்தில் தீயில் கருகியது போல் காய்வது பல இடங்களில் காணப்படுகிறது. தேயிலைக் கொசு என்னும் சாறுறிஞ்சும் பூச்சியும், நுனிக்கருகலை உண்டாக்கும் பூஞ்சையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மரம் பட்டுவிட்டது என்று எண்ணி இதைப் பலர் வெட்டிவிடுகின்றனர். சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். அடியில் பச்சை தெரிந்தால், பங்குனி வரை காத்திருக்கலாம். பெரும்பாலான மரங்கள் அதற்குள் துளிர்த்துவிடுகின்றன.